பல் பெரிதா, இடம் சிறிதா? திரையில் பல்லை அளக்கும் கதை

"அப்பாவோட பெரிய பல்லும் அம்மாவோட சின்னத் தாடையும் வந்திருக்கு, அதான் பல்லு இப்படி ஏறியும் இறங்கியும் நிக்குது." தெற்றுப்பல் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு அத்தையோ சித்தப்பாவோ இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பல்லின் அளவும் பல் நிற்கும் இடத்தின் அளவும் வேறு வேறு. ஆனால் பல் எவ்வளவு பெரிது, எதோடு ஒப்பிட்டால் பெரிது என்று கேட்டால் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அளந்துதான் ஆகவேண்டும்.

இப்போது பல்லுக்குக் கிளிப் போடப் போனால், பெரிய டூத் பிரஷ் போன்ற ஒரு ஸ்கேனரை வாய்க்குள் விட்டு, பல்வரிசை முழுவதையும் கம்ப்யூட்டர் திரையில் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்ததும் அடுத்த நம்பிக்கை பிறந்துவிடுகிறது: "கம்ப்யூட்டரே அளந்திருக்கு, தப்பாவா இருக்கும்?" அத்தையின் பேச்சைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. எனவே, திரையில் பல்லை எப்படி அளக்கிறார்கள் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

பஸ் சீட்டும் பல்வரிசையும்

மூன்று பேர் உட்காரும் பஸ் சீட்டில் நான்காவது ஆள் "கொஞ்சம் தள்ளுங்க" என்று வருகிறார். நாலு பேரும் ஒல்லி என்றால் உட்கார்ந்துவிடலாம். இல்லையென்றால் ஒருவர் பாதி வெளியே, இன்னொருவர் சாய்ந்து, மற்றவர் முன்னால் நகர்ந்து உட்காரவேண்டும். நெருக்கடி இருக்கிறதா என்று தெரிய இரண்டு எண்கள் வேண்டும்: எல்லோருடைய அகலத்தின் கூட்டல், சீட்டின் நீளம். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

பல்லிலும் இதே கணக்குதான். பல்லுக்கு உயரம், தடிமன் எல்லாம் உண்டு. ஆனால் வரிசையில் அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதற்கு ஒரே அளவுதான் முக்கியம்: பல் ஒரு பக்கத்துப் பல்லைத் தொடும் இடத்திலிருந்து மறுபக்கத்துப் பல்லைத் தொடும் இடம் வரை உள்ள தூரம். இதைப் பல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். மேல் வரிசையின் நடு வெட்டுப்பல் ஏறக்குறைய 8.5 மி.மீ. இருக்கும். அதற்கு நேர் கீழே உள்ள நடு வெட்டுப்பல்தான் வாயிலேயே சிறியது, 5 மி.மீ.க்குச் சற்று மேல். கீழ் முதல் கடைவாய்ப்பல் 11 மி.மீ.யை ஒட்டி வரும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிடலாம். ஏழு வயதில் முளைக்கும் நிலைப்பல் வளர வளரப் பெரிதாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. பல்லின் வெளியே தெரியும் பகுதி, முளைக்கும் முன்பே எலும்புக்குள் முழு அளவில் உருவாகிவிடுகிறது. பிறகு அது தேயலாம், உடையலாம், வளராது. ஏழு வயது முகத்தில் முன்பல் இரண்டும் முறம் போலத் தெரிவது முகம் இன்னும் சிறியதாக இருப்பதால்தான். கவலைப்படும் அம்மாக்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை.

வளைவுக்கு ஒரே அளவு கிடையாது

பஸ் சீட் நேர்க்கோடு. பல்வரிசை லாடம் போல வளைந்தது. அதனால் "தாடை எத்தனை மில்லிமீட்டர்?" என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லை.

கோயில் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்கு நீந்தும் தூரம் ஒன்று. படித்துறை வழியாகச் சுற்றி நடக்கும் தூரம் இன்னொன்று. பல்வளைவிலும் அப்படித்தான். இடப்பக்கக் கோரைப்பல்லிலிருந்து வலப்பக்கக் கோரைப்பல்லுக்கு நேர்க்கோட்டில் அளந்தால் அது கோரைப்பல் குறுக்ககலம். முதல் கடைவாய்ப்பற்களுக்கு நடுவே அளந்தால் கடைவாய்க் குறுக்ககலம். முன்பற்களின் நடுவிலிருந்து, இரண்டு கடைவாய்ப்பற்களையும் இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக இறக்கினால் வளைவின் ஆழம். ஒரு பக்க முதல் கடைவாய்ப்பல்லின் முன் ஓரத்தில் தொடங்கி, பற்களின் வழியாகவே சுற்றி, மறுபக்க முதல் கடைவாய்ப்பல்லின் முன் ஓரம் வரை போனால் அது சுற்று நீளம்.

பஸ் சீட்டின் நீளத்துக்குச் சமமானது இந்தச் சுற்று நீளம்தான். குறுக்ககலம் அல்ல. மேலண்ணத்தில் விரிக்கும் கருவி போட்டு "அஞ்சு மில்லிமீட்டர் அகலப்படுத்தினாங்க, அப்ப அஞ்சு மில்லிமீட்டர் இடம் கிடைச்சிருக்கணுமே" என்று கேட்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். குளத்தைக் குறுக்கே ஓர் அடி அகலப்படுத்தினால் கரைச் சுற்று எவ்வளவு கூடும் என்பது குளத்தின் வடிவத்தைப் பொறுத்தது. பல்வளைவில் பொதுவாக அகலப்படுத்திய அளவைவிடக் குறைவாகவே இடம் கிடைக்கிறது.

கடைவாய்க் குறுக்ககலம் என்று மட்டும் சொன்னாலும் போதாது. கடைவாய்ப்பல் மேலே மேடும் குழியுமாக இருக்கும். மேட்டின் உச்சியிலிருந்து உச்சிக்கு அளந்தால் ஓர் எண், நடுக்குழியிலிருந்து குழிக்கு அளந்தால் வேறோர் எண், உள்பக்க ஈறு ஓரத்திலிருந்து அளந்தால் இன்னும் சிறிய எண். மூன்றும் ஒரே வாய், மூன்றும் சரி. எங்கே தொட்டு அளந்தார்கள் என்று சொல்லாத குறுக்ககலத்தைப் பிறருடைய எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

இன்னொன்று: இந்த அளவுகள் எதுவும் தாடை எலும்பின் அளவு அல்ல. பல்வரிசையை அப்படியே நகலெடுத்துச் செய்யும் மாதிரியில் பல்லும் ஈறும்தான் தெரிகின்றன. எலும்பைப் பார்க்க எக்ஸ்ரே வேண்டும். "தாடை சின்னது" என்று பல் மாதிரியை மட்டும் பார்த்துச் சொன்னால் அது ஊகம்தான்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பல்லுக்கு அகலம், வளைவுக்குக் குறுக்ககலம், ஆழம், சுற்று நீளம். இடம் போதுமா என்பது பல் அகலங்களின் கூட்டலுக்கும் சுற்று நீளத்துக்கும் நடுவே உள்ள வழக்கு.

அளவு ரவிக்கை

டெய்லரிடம் அளவு ரவிக்கை கொடுத்துவிட்டு வருகிறோம். அவர் நம்மை அளப்பதில்லை, ரவிக்கையை அளக்கிறார். அது துவைத்துச் சுருங்கியிருந்தால் புது ரவிக்கையும் பிடிக்கும். டெய்லர் மேல் தப்பில்லை.

பல் மருத்துவத்தில் நெடுங்காலம் அளவு ரவிக்கையாக இருந்தது சாந்தில், அதாவது பிளாஸ்டரில், வார்த்த மாதிரி. ஆல்ஜினேட் என்ற கூழை ஒரு தட்டில் வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருள் அது, குமட்டிக்கொண்டு வரும். அது உறைந்ததும் எடுத்து, பதிந்த பள்ளத்தில் பிளாஸ்டர் ஊற்றினால் பல்வரிசை கல் போலக் கிடைக்கும். ஆல்ஜினேட்டின் பெரும்பகுதி தண்ணீர். மின்விசிறிக் காற்றில் வைத்துவிட்டால் காய்ந்து சுருங்கும், தண்ணீரில் போட்டால் உப்பும். அதனால் அச்சு எடுத்த கையோடு சாந்து ஊற்றவேண்டும். சாந்தோ இறுகும்போது துளியூண்டு விரியும். ஆக மாதிரி என்பது நகலின் நகல்.

அதை வெர்னியர் காலிப்பரால் அளந்தார்கள். 1631இல் பியர் வெர்னியர் விவரித்த அந்தச் சறுக்கு அளவுகோலின் பெயரை பிளஸ் டூ இயற்பியல் பரிசோதனைக் கூடத்தில் கேட்டிருப்பீர்கள். கூரிய முனைகளைப் பல்லின் இரு பக்கமும் நுழைத்துப் படிக்கவேண்டும். நெருங்கி நிற்கும் பற்களுக்கு இடையே முனை நுழையாது. அழுத்தி நுழைத்தால் சாந்து உதிரும். நாலு பேர் அளந்த பிறகு அந்தப் பல் கொஞ்சம் மெலிந்தே போயிருக்கும். நான் படித்த காலத்து மாதிரிகள் அட்டைப்பெட்டிக்குள் முனை உடைந்தும் மூலை பொடிந்தும் கிடந்ததை நினைத்தால், திரைக்கு மாறியதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை.

புள்ளிக் கோலம்

வாய்க்குள் விடும் ஸ்கேனர் புதுசு மாதிரித் தோன்றும். ஆனால் அந்த எண்ணத்தை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1985இல், சுவிட்சர்லாந்தின் சூரிக்கில். வெர்னர் மோர்மன், மார்கோ பிராண்டெஸ்டினி இருவரும் உருவாக்கிய செரெக் கருவி ஒரே ஒரு பல்லின் குழியைப் படம்பிடித்து, அதற்கேற்ற பீங்கான் அடைப்பை அங்கேயே கடைந்து கொடுத்தது. முழு வரிசையையும் எடுப்பது பின்னால் வந்த வேலை.

ஸ்கேனர் பல்லின் மேல் ஒளியை வீசி, திரும்பி வரும் ஒளியை வைத்து ஒவ்வோர் இடமும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடுகிறது. கிடைப்பது புள்ளிகள், லட்சக்கணக்கில். பிறகு புள்ளிக் கோலம் போலத்தான்: பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் கோடுகளால் இணைத்துச் சின்னச் சின்ன முக்கோணங்களாக்குகிறது. தரையில் போடும் கோலம் தட்டையாக இருக்கும். இதுவோ பல்லின் மேடு பள்ளத்தோடு வளைந்து நெளியும். இந்த முக்கோண வலைதான் டிஜிட்டல் மாதிரி. திரையில் வழவழப்பாகத் தெரிவது மேலே பூசிய நிழலும் நிறமும். கோலத்தில் புள்ளி நெருக்கமாக இருந்தால் நுணுக்கம் கூடும். அகலமாக இருந்தால் கூர்முனை மொட்டையாகிவிடும்.

பெரும்பாலும் இந்த வலையை எஸ்.டி.எல். என்ற கோப்பில் சேமிக்கிறார்கள். ஒரு வேடிக்கை, அந்தக் கோப்பில் எண்கள் மட்டுமே உண்டு, மில்லிமீட்டரா அங்குலமா என்ற குறிப்பு இருக்காது. திறக்கும் மென்பொருள் அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் 8.5 மி.மீ. பல் கிட்டத்தட்ட ஒரு சாண் ஆகிவிடும். இவ்வளவு பெரிய தப்பு உடனே கண்ணில் பட்டுவிடும். சின்னத் தப்புகள்தான் ஆபத்து.

சின்னத் தப்பு வரும் முக்கியமான இடம் ஒட்டு. ஸ்கேனரின் முனை ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பல்லைத்தான் பார்க்கும். நகர்த்த நகர்த்த, முந்தைய படத்திலும் புதிய படத்திலும் பொதுவாக உள்ள பகுதியைக் கண்டுபிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போகும். கைபேசியில் பனோரமா எடுப்பதும் இதே வேலைதான். மேடு பள்ளம் நிறைந்த கடைவாய்ப்பல்லில் ஒட்டு நன்றாக விழும். வழவழப்பான கீழ் முன்பற்களில் பிடிமானம் குறைவு, எச்சில் பளபளத்தால் இன்னும் சிரமம். ஒவ்வோர் ஒட்டிலும் மயிரிழை விலகினாலும், வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் அது சேர்ந்துகொண்டே போகும்.

ஆக ஒரு தனிப் பல்லின் அகலத்தில் ஒட்டுத் தவறு அநேகமாக இருக்காது. பல் முழுவதும் ஓரிரு படங்களுக்குள் அடங்கிவிடும். கடைவாய்க் குறுக்ககலத்தில்தான் அது வந்து உட்காரும். அந்த இரண்டு பற்களும் ஒட்டுச் சங்கிலியின் இரு கடைசியில் இருக்கின்றன. "ஸ்கேன் துல்லியமானதா?" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் இல்லாமல் போவது இதனால்தான்.

புள்ளி வைப்பது யார்?

மாதிரி திரைக்கு வந்துவிட்டது. அகலம் அளக்க, பல்லின் இரு ஓரத்திலும் இரண்டு புள்ளி வைத்தால் மென்பொருள் உடனே 8.47 மி.மீ. என்கிறது. அந்த இரண்டு தசம இலக்கத்தைப் பார்த்துத்தான் ஏமாந்துபோகிறோம். புள்ளி எங்கே வைத்தாயோ அதற்கு நடுவே உள்ள தூரம் 8.47, அவ்வளவுதான். புள்ளி சரியான இடத்தில் இருக்கிறதா என்பது மென்பொருளுக்குத் தெரியாது.

பல்லுக்கு ஓரத்தில் கோடு கிழித்து வைத்திருக்கவில்லை. பக்கவாட்டில் உருண்டு போகும் பரப்பில் எது மிக வெளியே தள்ளிய இடம் என்று ஒருவர் முடிவெடுக்கிறார். பற்கள் இறுக்கமாகத் தொட்டு நிற்கும்போது நடுவில் உள்ள இடுக்கை ஸ்கேனரின் ஒளியும் பார்ப்பதில்லை. அங்கே வலை ஊகமாக நிரப்பப்பட்டிருக்கும். இப்போது வரும் மென்பொருள்கள் ஒவ்வொரு பல்லையும் தானே பிரித்து அகலத்தையும் எழுதிவிடுகின்றன. மறைந்த பக்கத்தை ஊகித்துத்தான் அவையும் பிரிக்கின்றன. அதை ஒரு மனிதர் பெரிதாக்கிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

கோணத்தாலும் ஒரு தவறு வரும். உச்சி வெயிலில் பென்சிலைப் படுக்கையாகப் பிடித்தால் நிழல் முழு நீளம் விழும். சாய்த்துப் பிடித்தால் நிழல் குட்டையாகும், பென்சில் குட்டையாவதில்லை. மாதிரியை மேலிருந்து படமெடுத்து அந்தப் படத்தில் அளந்தால் நிழலை அளந்த கதைதான். வரிசையின் போக்கில் 20 டிகிரி சாய்ந்த 8.5 மி.மீ. பல் 8 மி.மீ. என்று காட்டும். மாதிரியைச் சுழற்றி, முப்பரிமாணத்தில் புள்ளிக்குப் புள்ளி அளந்தால் இந்தச் சிக்கல் கிடையாது. காலிப்பரை விடத் திரை மேலானது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இந்தச் சுழற்றலும், வேண்டிய இடத்தில் வெட்டிக் குறுக்குமுகம் பார்க்கும் வசதியும். தசம இலக்கம் அல்ல.

ஒரு வாயை அளந்து பார்ப்போம்

கற்பனையான ஒரு கீழ் வரிசை. ஒரு பக்கத்தில் முதல் கடைவாய்ப்பல்லுக்கு முன்னால் ஐந்து பற்கள்: 5.3, 5.9, 6.8, 7.0, 7.1 மி.மீ. கூட்டினால் 32.1. மறுபக்கமும் அப்படியே என்றால் 64.2. பத்துப் பற்களுக்கும் தேவையான இடம் இது.

இருக்கும் இடம் சுற்று நீளம். முன்பு பித்தளைக் கம்பியைப் பற்களின் மேல் வளைத்து வைத்து, நிமிர்த்தி அளந்தார்கள். திரையில் ஒரு வளைகோடு வரைகிறோம். எந்த வளைகோடு என்பதில் கொஞ்சம் விவாதம் உண்டு. கழுத்துச் சங்கிலியை இரு கையிலும் நுனி பிடித்துத் தொங்கவிட்டால் விழும் வளைவு பல்வளைவுக்கு நெருக்கமானது என்பது ஒரு பழைய எண்ணம். பற்களின் வழியே நெகிழ்ந்து போகும் வளைகோட்டைச் சிலர் விரும்புவார்கள். வெளியே தள்ளி நிற்கும் பல்லைச் சேர்த்துப் போனால் நீளம் கூடும், விட்டுப் போனால் குறையும். இங்கே 60 மி.மீ. கிடைத்ததாக வைப்போம். பற்றாக்குறை 4.2 மி.மீ. இதற்கு இடநெருக்கடி என்று பெயர்.

பொதுவான வழக்கு, 4 மி.மீ. அளவுக்குள் இருந்தால் பல் பிடுங்காமல் சமாளிக்கப் பார்ப்பது, 10க்கு மேல் போனால் பெரும்பாலும் பிடுங்குவது. நடுவில் உள்ளவர்களுக்கு உதட்டின் அமைப்பு, முகத்தின் பக்கவாட்டுத் தோற்றம், ஈறின் நிலை எல்லாம் பார்த்து முடிவு செய்வார்கள்.

மேலும் கீழும் பொருந்துமா என்பது வேறு கேள்வி. 1958இல் வேய்ன் போல்டன் என்ற அமெரிக்க மருத்துவர், பல் கடிப்பு மிக நன்றாக அமைந்த 55 மாதிரிகளை அளந்தார். கீழ் முன்பற்கள் ஆறின் அகலக் கூட்டல் மேல் ஆறின் கூட்டலில் சராசரியாக 77.2 விழுக்காடு இருந்தது. மேலும் கீழும் பன்னிரண்டு பன்னிரண்டு பற்களைக் கணக்கில் சேர்த்தால் 91.3. போல்டன் விகிதம் என்பது இதுதான். சட்டையின் பொத்தானும் காஜாவும் ஒரே எண்ணிக்கையில் இருக்கவேண்டும் என்பது போல ஒரு பொருத்தக் கணக்கு. 55 பேரை வைத்து வந்த எண் என்பதையும், பல் அளவு மக்களுக்கு மக்கள் மாறும் என்பதையும் மறக்காமல் பயன்படுத்தவேண்டும்.

நம் ஆளுக்குக் கீழ் ஆறும் சேர்ந்து 36.0. மேலே நடுப்பல் 8.5, கோரைப்பல் 7.7, பக்க வெட்டுப்பல் மட்டும் ஆணி போலக் கூம்பி வெறும் 5.0 என்று வைப்போம். இப்படிப் பிறவியிலேயே சிறுத்த பக்கப்பல் அரிதான ஒன்றல்ல. மேல் ஆறின் கூட்டல் 42.4. விகிதம் 84.9 விழுக்காடு, 77.2ஐ விட வெகு அதிகம். மேல் பற்களுக்கேற்பக் கீழே 32.7 இருந்திருக்கவேண்டும், 3.3 மி.மீ. கூடுதல் என்கிறது மென்பொருள்.

இங்கேதான் நிதானிக்கவேண்டும். "கீழே கூடுதல்" என்று திரையில் சிவப்பில் வந்தவுடன் கீழ்ப்பற்களை உரசிக் குறைக்கக் கிளம்பினால் தப்பு. இதே கணக்கை "மேலே 4.2 மி.மீ. குறைவு" என்றும் எழுதலாம். விகிதம் பொருந்தவில்லை என்று மட்டும்தான் எண் சொல்கிறது, குற்றவாளி யார் என்று சொல்வதில்லை. இந்த வாயில் குற்றவாளி அந்த ஆணிப்பல். அதை வழக்கமான அளவுக்குக் கட்டி எழுப்புவதுதான் இயல்பான வழி. அப்பாவின் பெரிய பல் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

0.1 மி.மீ. என்ன செய்யும்?

அளப்பவர் ஒவ்வொரு பல்லிலும் புள்ளியைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைக்கும் பழக்கமுள்ளவர் என்று வையுங்கள். பல்லுக்கு 0.1 மி.மீ. கூடுதல். தடித்த தலைமுடி ஒன்றின் தடிமன்தான். பத்துப் பற்களில் அது 1 மி.மீ. ஆகிவிடுகிறது. எல்லையை ஒட்டி நின்ற 4.2 என்ற இடநெருக்கடி 5.2 ஆகி, பிடுங்கலாமா வேண்டாமா என்ற நடுப்பகுதிக்குள் நன்றாகவே போய்விடுகிறது.

அதே ஆள் அதே பழக்கத்தோடு போல்டன் கணக்குப் போட்டால்? மேலே ஆறும் கீழே ஆறும் ஒரே போலக் கூடிவிடும், 3.3 என்பது 3.4 ஆகும், அவ்வளவுதான். தராசில் இரண்டு தட்டிலும் ஒரே தூசி விழுந்தது போல. எந்தத் தவறு எந்தக் கணக்கில் கடிக்கும், எதில் கரையும் என்பது இப்படித்தான் மாறுகிறது. தவறு ஒரே பக்கமாக இல்லாமல், ஒரு பல்லில் கூடியும் ஒரு பல்லில் குறைந்தும் வந்தால் கூட்டலில் பெரும்பகுதி தானே அடிபட்டுப் போகும். பத்துப் பற்களுக்கு ஏறத்தாழ 0.3 மி.மீ. நிற்கும்.

தன் கை எப்படிப்பட்டது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, செலவும் இல்லை. மாதிரிகளை ஒரு முறை அளந்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து, பழைய எண்களைப் பார்க்காமல் மறுபடி அளப்பது. இரண்டு எண்களின் வித்தியாசத்தைப் பல் வாரியாக எழுதி வைப்பது. வித்தியாசங்கள் கூட்டலும் கழித்தலுமாகக் கலந்து வந்தால் கை சாதாரணமாகத் தடுமாறுகிறது என்று அர்த்தம். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், இந்த இரண்டு வாரத்துக்குள் "ஓரம்" என்று நாம் நினைக்கும் இடமே நகர்ந்துவிட்டது. இரண்டு முறையும் ஒரே மாதிரித் தப்பு செய்யும் பழக்கம் மட்டும் இதில் பிடிபடாது. அதற்கு அதே மாதிரிகளை இன்னொருவரிடம் கொடுத்து அளக்கச் சொல்லவேண்டும், நம் எண்களைக் காட்டாமல்.